தேயிலை விலை குறைந்தபோது பாஸ்டன் ஏன் கொதித்தது?

கேட்ட கேள்வி இது: "தேயிலை வரியை ஏற்றியதால் அமெரிக்கர்கள் கோபப்பட்டுப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள், அதிலிருந்து விடுதலைப் போர் மூண்டது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் அந்த ஆண்டு அங்கே தேயிலை விலை குறைந்தது என்று இன்னொரு இடத்தில் பார்த்தேன். எது சரி? விலை குறைந்தால் எதற்குக் கொட்ட வேண்டும்?"

விலை குறைந்தது என்பதுதான் சரி. 1773 மே 10 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தேயிலைச் சட்டம் ஒரு புதிய வரியையும் போடவில்லை, இருந்த வரியையும் ஏற்றவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கக் காலனிகளில் முறைப்படி இறக்குமதியான போஹீ தேயிலை, அதாவது அன்று பெரும்பாலானோர் குடித்த சாதாரண ரகம், ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) சுமார் 3 ஷில்லிங். ஹாலந்திலிருந்து கள்ளக்கடத்தலாக வந்தது சுமார் 2 ஷில்லிங் 1 பென்னி. புதிய சட்டத்தின்படி வரப்போகும் கிழக்கிந்தியக் கம்பெனித் தேயிலையை 2 ஷில்லிங்குக்கு விற்க முடியும். கள்ளச் சரக்கைவிட முறையான சரக்கு ஒரு பென்னி மலிவு. இதைப் புரிந்துகொள்ளாமல், அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் பெட்டிகளைக் கொட்டிய சம்பவத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அந்த மலிவு விலைக்குள் 3 பென்ஸ் வரி ஒளிந்திருந்தது என்பதுதான் சண்டையே. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பதால், 2 ஷில்லிங்கில் எட்டில் ஒரு பங்கு அது.

அந்த 3 பென்ஸ் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, பத்து ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். பிரான்ஸுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்தபோது பிரிட்டனின் தேசியக் கடன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்தியிருக்கும் படைக்கான செலவில் ஒரு பகுதியைக் காலனிகளே ஏற்கட்டும் என்று லண்டன் நினைத்தது. 1764-ல் சர்க்கரைச் சட்டம், 1765-ல் முத்திரைத்தாள் சட்டம். பத்திரம், செய்தித்தாள், உரிமம், சீட்டுக்கட்டு வரை முத்திரை குத்திய தாளில்தான் அச்சடிக்க வேண்டும் என்றது இரண்டாவது சட்டம். அந்த அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். தங்கள் மீது வரி போடும் உரிமை தாங்கள் தேர்ந்தெடுத்த சபைகளுக்கு மட்டுமே உண்டு என்றும், தூரத்தின் காரணமாக லண்டன் நாடாளுமன்றத்தில் தங்களுக்குப் பிரதிநிதித்துவம் நடைமுறையில் சாத்தியமில்லை என்றும் தீர்மானம் போட்டார்கள். இதைக் கவனிக்க வேண்டும். 'பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை' என்ற முழக்கத்தைப் படித்துவிட்டு, அவர்கள் லண்டனில் சில இடங்களைக் கேட்டார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அவர்கள் கேட்டது தங்கள் ஊர்ச் சபைக்கே முழு அதிகாரம்.

1766 மார்ச்சில் முத்திரைத்தாள் சட்டம் ரத்தானது. அதே கையோடு, எந்த விஷயத்திலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றிக்கொண்டார்கள். அந்த உரிமையைக் கையில் எடுத்தவர் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட். 1767-ல் கண்ணாடி, ஈயம், வண்ணச்சாயம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு அமெரிக்கத் துறைமுகங்களில் இறக்குமதி வரி விதித்தார். காலனி வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்கை வாங்குவதை நிறுத்தினார்கள். 1770 மார்ச் 5 அன்று பிரதமர் நார்த் பிரபு மற்ற வரிகளையெல்லாம் விலக்கிக்கொள்ள முன்மொழிந்தார். ராத்தலுக்கு 3 பென்ஸ் என்ற தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டார். அதே நாள் மாலையில்தான் பாஸ்டனில் படைவீரர்கள் கூட்டத்தின் மீது சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். கடல் கடந்து செய்தி வந்துசேரப் பல வாரம் ஆகும் காலம் அது. லண்டனில் நடந்தது பாஸ்டனுக்குத் தெரியாது, பாஸ்டனில் நடந்தது லண்டனுக்குத் தெரியாது.

எதற்கு அந்த ஒரு வரியை மட்டும் விடாப்பிடியாக வைத்திருந்தார்கள்? உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று காட்டுவதற்கு என்பது பாதி விடை. மீதிப் பாதியைப் பெரும்பாலான சுருக்க வரலாறுகள் விட்டுவிடுகின்றன. அந்த வரிப் பணத்தைக் காலனி ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளமாகக் கொடுக்கலாம் என்று டவுன்ஷெண்டின் சட்டமே சொன்னது. அதுவரை அந்தச் சம்பளத்தை ஆண்டுதோறும் ஒதுக்கியது மக்கள் தேர்ந்தெடுத்த சபை. ஆளுநர் முரண்டு பிடித்தால் சபை பணப்பையின் வாயை இறுக்கிக் கட்டும். சபையின் கையில் இருந்த ஒரே கடிவாளம் அது. 1772-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனுக்கும் உயர்நீதிமன்ற நீதிபதிகளுக்கும் இனி அரசரே சம்பளம் தருவார் என்ற செய்தி வந்தபோது, பாஸ்டன் அரசியல்வாதி சாமுவேல் ஆடம்ஸ், ஊர்களுக்கிடையே செய்தி பரிமாறும் கடிதக் குழுக்களை ஊருக்கு ஊர் அமைக்கத் தொடங்கினார். மக்கள் ஒவ்வொரு ராத்தல் தேயிலைக்கும் கட்டும் 3 பென்ஸ், தங்களையே கட்டுப்படுத்தும் அதிகாரிக்குக் கூலியாகப் போகிறது. வரியின் அளவைவிட இந்தப் போக்குதான் அவர்களைப் பயமுறுத்தியது. அந்தப் பயம் நியாயமானது என்றே சொல்வேன்.

இனி கிழக்கிந்தியக் கம்பெனி. இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1765-ல் வங்காளத்தின் நிலவரி வசூலிக்கும் திவானி உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. பணம் கொட்டப்போகிறது என்று லண்டனில் பங்கு விலை ஏறியது. தன் பங்குக்கு அரசாங்கமும் 1767 முதல் ஆண்டுக்கு 4 லட்சம் பவுண்டு கேட்டு வாங்கியது. ஆனால் 1769-ல், ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகப் பகுதியை (அன்று ஆற்காட்டு நவாபின் கீழ் இருந்த தமிழ்ப் பகுதி) சூறையாடுகிறது என்ற செய்தி எட்டியதும் பங்கு விலை சரிந்தது. அதே ஆண்டு வங்காளத்தில் பஞ்சம் தொடங்கியது. 1770-ல் அது உச்சத்துக்குப் போனது. மக்கள் தொகையில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததாக அன்றைய கம்பெனி அதிகாரிகளே மதிப்பிட்டார்கள். வரி வசூலை மட்டும் கம்பெனி தளர்த்தவில்லை. பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையை 12.5 விழுக்காடு வரை உயர்த்தியது. உயிரோடு இருக்கும் உழவர்கள் குறைந்தால் வசூலும் ஒரு நாள் குறைந்தே தீரும். 1772 ஜூனில் லண்டனில் வங்கிகள் அடுத்தடுத்து முறிந்து கடன் வரத்து நின்றபோது கம்பெனியின் கைமுதல் தீர்ந்துபோயிருந்தது. அரசாங்கத்திடம் கடன் கேட்டு நின்றார்கள், 14 லட்சம் பவுண்டு கிடைத்தது.

கையில் பணம் இல்லை, கிட்டங்கியில் தேயிலை இருந்தது. லண்டன் கிட்டங்கிகளில் விற்காமல் தேங்கியிருந்த சரக்கு 1 கோடியே 70 லட்சம் ராத்தலுக்கு மேல். தேங்கியதற்குக் காரணமும் வரிதான், ஆனால் அது பிரிட்டனுக்குள் போட்ட வரி. லண்டனுக்கு வரும் தேயிலைக்குச் சுமார் 25 விழுக்காடு இறக்குமதி வரி. அமெரிக்காவுக்கு மறுஏற்றுமதி செய்தால் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு 1767-ல் செய்யப்பட்டது. 1772-ல் அந்த ஏற்பாடு காலாவதியானபோது ஐந்தில் மூன்று பங்கு மட்டுமே திரும்பக் கிடைக்கும் என்று குறைத்தார்கள், அதனால் 10 விழுக்காடு சரக்கின் மேல் தங்கியது. அதற்கு மேல், கம்பெனி லண்டனில் ஏலம் விட வேண்டும், அங்கே ஒரு வியாபாரி எடுக்க வேண்டும், அவரிடமிருந்து அமெரிக்க மொத்த வியாபாரி வாங்க வேண்டும். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு லாபம். கடைசியில் 3 பென்ஸ். ஹாலந்துக்காரரின் கள்ளச் சரக்கோடு போட்டி போட வழியே இல்லை.

தேயிலைச் சட்டம் செய்த வேலை இரண்டே இரண்டு. லண்டன் இறக்குமதி வரி முழுவதையும் திருப்பித் தந்தது. ஏலத்தை ஒதுக்கிவிட்டுக் கம்பெனியே நேராக அமெரிக்காவுக்கு அனுப்பி, தான் தேர்ந்தெடுத்த முகவர்கள் வழியாக விற்க அனுமதித்தது. அந்த 3 பென்ஸை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் அமெரிக்கர்கள் இந்தத் தேயிலையைத் தொட மாட்டார்கள் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் வில்லியம் டவ்டெஸ்வெல் நாடாளுமன்றத்தில் நார்த்தை எச்சரித்தார். நார்த் கேட்கவில்லை. லண்டன் வரியைத் திருப்பித் தருவதற்குப் பதில் அமெரிக்க வரியை நீக்கியிருந்தாலும் கம்பெனிக்கு ஓரளவு அதே லாபம் கிடைத்திருக்கும். இந்த வரலாற்றில் ஒரு தவறான முடிவைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அமெரிக்கத் தரப்பில் இழப்பு யாருக்கு? கள்ளக்கடத்தல்காரர்களுக்கு என்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் முறைப்படி வரி கட்டி இறக்குமதி செய்த வணிகர்களுக்கும் அதே இழப்பு, ஏனென்றால் விற்பனை உரிமை ஊருக்கு நாலைந்து முகவர்களிடம் போய்விட்டது. பாஸ்டனில் அந்த முகவர்களில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள். இன்று தேயிலை, நாளை மற்ற சரக்கும் இப்படியே கம்பெனியின் கைக்குப் போகும் என்ற பேச்சு பரவியது. பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் புனைபெயரில் எழுதிய கடிதம் ஒன்று, வங்காளத்தில் உணவுப் பொருளையெல்லாம் வளைத்துப் போட்டு ஏழைகள் வாங்க முடியாத விலைக்கு ஏற்றி 15 லட்சம் பேரைச் சாகவிட்ட கம்பெனி இது, இப்போது அமெரிக்காவின் பக்கம் கண் வைத்திருக்கிறது என்று எச்சரித்தது. வங்காளத்தில் மடிந்தவர்களின் கணக்கு பிலடெல்பியாவில் அரசியல் வாதமாக மாறியது இப்படித்தான்.

ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 6 லட்சம் ராத்தல் கிளம்பியது. பாஸ்டனுக்கு நான்கு, நியூயார்க், பிலடெல்பியா, சார்ல்ஸ்டன் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. மற்ற மூன்று ஊர்களிலும் மக்கள் நெருக்கியதால் முகவர்கள் பொறுப்பை விட்டு விலகிவிட்டார்கள். பிலடெல்பியாவுக்குப் போன 'பாலி' சரக்கோடு திரும்பியது. நியூயார்க் கப்பல் புயலில் சிக்கித் தாமதமாக 1774 ஏப்ரலில் வந்து, அதுவும் திரும்பியது. சார்ல்ஸ்டனில் 257 பெட்டிகளைச் சுங்கத்துறை இறக்கிப் பூட்டி வைத்தது. அவை போர் தொடங்கிய பிறகு புரட்சி அரசாங்கத்தால் விற்கப்பட்டன. பாஸ்டனில் மட்டும் முகவர்கள் விலகவில்லை. துறைமுகத் தீவில் இருந்த வில்லியம் கோட்டையில் போய்ப் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டார்கள். ஆளுநரும் அசையவில்லை.

இங்கேதான் சுங்க விதி நிகழ்ச்சியை நெருக்கியது. துறைமுக எல்லைக்குள் நுழைந்த கப்பல் 20 நாளுக்குள் வரி கட்டிச் சரக்கை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யலாம். வரி கட்டாமல் வெளியேற வேண்டுமானால் சுங்கத்தின் அனுமதிச் சீட்டும் ஆளுநரின் அனுமதியும் வேண்டும். இல்லாமல் கிளம்பினால் கோட்டைப் பீரங்கி சுடும். 'டார்ட்மவுத்' நவம்பர் 28 அன்று வந்தது. அதைக் கோட்டைக்கு வெளியே நிறுத்தியிருந்தால் திரும்பிப் போக வழி இருந்திருக்கும். ஆடம்ஸின் ஆட்கள் தங்கள் கண்பார்வையில் இருக்கட்டும் என்று நகரத் துறைக்கே கொண்டுவரச் செய்தார்கள், கிரிஃபின் துறையில் 25 பேரைக் காவலும் போட்டார்கள். அதன் பிறகு பின்வாங்க முடியாது. 'எலினோர்' டிசம்பர் 2 அன்று வந்தது. அம்மை நோய் காரணமாக ஒதுக்கி நிறுத்தப்பட்டிருந்த 'பீவர்' டிசம்பர் 15 அன்று வந்து சேர்ந்தது. நான்காவது கப்பல் 'வில்லியம்' காட் முனையில் தரைதட்டிவிட்டது. டார்ட்மவுத்தின் 20 நாள் கெடு டிசம்பர் 17. அன்று சுங்கத்துறை படைத் துணையோடு பெட்டிகளை இறக்கிவிட்டால், யாராவது வரி கட்டி எடுத்து விற்பார்கள். ஒருமுறை விற்பனைக்கு வந்துவிட்டால், மலிவு விலையில் மக்கள் வாங்கியும் விடுவார்கள். ஊர்த் தலைவர்களுக்கு அந்தச் சந்தேகம் இருந்தது.

டிசம்பர் 16 காலையிலிருந்தே ஓல்ட் சவுத் தேவாலயக் கூடத்தில் மக்கள் நிறைந்திருந்தார்கள். ஏறத்தாழ 5,000 பேர் என்பது அன்றைய மதிப்பீடு. பாஸ்டனின் மொத்த மக்கள் தொகையே 16,000 போலத்தான். டார்ட்மவுத்தின் உரிமைக் குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ராட்ச் கடைசியாக ஒருமுறை ஆளுநரிடம் அனுமதி கேட்க மில்டன் ஊருக்கு அனுப்பப்பட்டார். இருட்டிய பிறகு, அனுமதி இல்லை என்ற பதிலோடு திரும்பினார். சற்று நேரத்தில் முகத்தில் கரி பூசி, போர்வை போர்த்து, மோஹாக் பழங்குடியினர் போல வேடமிட்ட ஆட்கள் துறையை நோக்கிப் போனார்கள். 100 முதல் 150 பேர் வரை. பெரும்பாலானோரின் வேடம் அரைகுறை. அடையாளம் மறைந்தால் போதும்.

மூன்று குழுவாகப் பிரிந்து ஒரே நேரத்தில் மூன்று கப்பலிலும் ஏறினார்கள். மாலுமிகளிடம் சரக்கறைச் சாவியும் மெழுகுவத்தியும் கேட்டு வாங்கினார்கள். கயிற்றுக் கப்பி போட்டுப் பெட்டிகளைத் தளத்துக்கு ஏற்றி, கோடரியால் பிளந்து, தேயிலையைக் கொட்டிவிட்டுப் பெட்டியையும் தள்ளினார்கள். உள்ளே மெல்லிய ஈயத்தகடு பொதிந்த பெட்டிகள் அவை. போஹீ பெட்டி ஒவ்வொன்றும் 300 ராத்தலுக்கு மேல். அதனால் வேலை சுமார் மூன்று மணி நேரம் பிடித்தது. ஓதம் வற்றியிருந்த நேரம் என்பதால் தேயிலை மிதந்து போகாமல் கப்பலோரம் வைக்கோல் போர் போலக் குவிந்தது. அதைக் காலால் கலைத்துவிட்டார்கள். மறுநாள் மிதந்த தேயிலையைப் படகில் போய்த் துடுப்பால் அடித்து அமிழ்த்தினார்கள். வேறு எதையும் தொடவில்லை. உடைந்த பூட்டு ஒன்றுக்கு மாற்றுப் பூட்டு வந்து சேர்ந்தது. தேயிலையைச் சட்டைக்குள் திணித்தவரைப் பிடித்து அடித்தார்கள். துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்கள் சுடவில்லை. சுட்டிருந்தால் கரையில் நின்ற பொதுமக்கள்தான் செத்திருப்பார்கள்.

கணக்கு சொல்கிறேன், ஏனென்றால் இதில் குழப்பம் உண்டு. பல நூல்களில் 342 பெட்டி என்று இருக்கும். கம்பெனியின் கணக்கு 340: போஹீ 240, சிங்லோ 60, காங்கூ 15, ஹைசன் 15, சூச்சோங் 10. மொத்த எடை 92,000 ராத்தலுக்கு மேல், அதாவது சுமார் 42 டன். கம்பெனி சொன்ன மதிப்பு 9,659 பவுண்டு. ராத்தலுக்கு 200 கோப்பை என்று வைத்தால் ஏறக்குறைய 1 கோடியே 85 லட்சம் கோப்பை தேநீர். எல்லாமே சீனத் தேயிலை, கான்டன் துறைமுகத்தில் வாங்கியது. கம்பெனியின் பெயரைப் பார்த்து அஸ்ஸாம் தேயிலை என்று எழுதுவது தவறு. இந்தியாவில் வணிகத்துக்காகத் தேயிலை பயிரானது 1830-களுக்குப் பிறகுதான். 'தேநீர் விருந்து' என்ற பெயரும் அன்றைய பெயர் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை 'தேயிலை அழிப்பு' என்றுதான் சொல்லி வந்தார்கள்.

காலனிகளில் எல்லோரும் கைதட்டினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பெஞ்சமின் பிராங்க்ளின் நஷ்டத்தைக் கட்டிவிட வேண்டும் என்றார். ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் தனியார் சொத்தை அழித்தது பிடிக்கவில்லை. பாஸ்டன் தனித்துப் போகும் வாய்ப்பு நிறையவே இருந்தது. அதைத் தடுத்தது லண்டனின் பதிலடி. 1774 மார்ச் 31 அன்று நிறைவேறிய சட்டப்படி, கம்பெனிக்கு நஷ்டஈடு கட்டும்வரை ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. கொட்டியவர்கள் அதிகம் போனால் நூற்றைம்பது பேர். பட்டினி கிடக்க வேண்டியவர்கள் ஊர் முழுக்க. அடுத்து, மாசசூசெட்ஸின் மேலவையை இனி அரசரே நியமிப்பார், ஊர்க்கூட்டத்துக்கு ஆளுநரின் அனுமதி வேண்டும் என்றது இரண்டாவது சட்டம். அரச அதிகாரிகள் மீதான வழக்கை வேறு காலனிக்கோ பிரிட்டனுக்கோ மாற்றலாம் என்றது மூன்றாவது. படைக்குத் தங்குமிடம் பற்றியது நான்காவது. பிரிட்டிஷ் தளபதி கேஜ் ஆளுநராக வந்து இறங்கினார். இவற்றில் இரண்டாவது சட்டமே மற்ற காலனிகளை உலுக்கியது: மாசசூசெட்ஸின் சாசனத்தை ஒரு சட்டத்தால் மாற்ற முடியும் என்றால், மற்ற காலனிகளின் ஆட்சி முறை எத்தனை நாள்? தென் கரோலினாவிலிருந்து அரிசியும், கனெக்டிகட்டிலிருந்து ஆடுகளும் பாஸ்டனுக்கு வந்தன.

1774 செப்டம்பர் 5 அன்று ஜார்ஜியா தவிர 12 காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் இறக்குமதி கிடையாது என்று முடிவு செய்து, அதைக் கண்காணிக்க ஒவ்வோர் ஊரிலும் குழு அமைக்கச் சொன்னார்கள். ஆளுநர்களின் ஆட்சி கரைந்து அந்தக் குழுக்களே அரசாங்கமாக மாறியது அந்தக் குளிர்காலத்தில்தான். 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கர்டிலும் துப்பாக்கிச் சூடு. பிறகு 1776 ஜூலை 4, விடுதலைப் பிரகடனம். நஷ்டஈடு கட்டப்படவே இல்லை. 1778-ல் காலனிகள் மீது இனி வருமானத்துக்காக வரி போடுவதில்லை என்று பிரிட்டன் சட்டம் இயற்றித் தேயிலை வரியையும் எடுத்துவிட்டது. ஐந்து ஆண்டு முன்பே டவ்டெஸ்வெல் கேட்டதுதான். அதற்குள் பிரான்ஸ் அமெரிக்காவுடன் கூட்டணி சேர்ந்திருந்தது.

பிரான்ஸ் சேர்ந்ததும் போர் நம் கரைக்கும் வந்தது. 1778 அக்டோபரில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1780-ல் ஹைதர் அலி மீண்டும் கர்நாடகத்துக்குள் இறங்கினார். 1782-லிருந்து பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் சோழமண்டலக் கரையிலும் திருகோணமலையிலும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸுடன் மோதிக்கொண்டே இருந்தார். அமெரிக்காவின் யார்க்டவுனில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தது 1781 அக்டோபரில். 1783 ஜனவரியில் ஐரோப்பாவில் முதற்கட்ட அமைதி உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. அந்தச் செய்தி கடல் சுற்றி வருவதற்குள் ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே சுஃப்ரெனும் ஹியூஸும் ஐந்தாவது முறையாக மோதினார்கள். கரையில் ஆங்கிலேயப் படை கடலூரை முற்றுகையிட்டிருந்தது. அமைதிச் செய்தியோடு கப்பல் வந்தது ஜூன் மாத இறுதியில். அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிப் பெரிய சண்டைகளில் ஒன்று கடலூரில் நடந்தது, அதில் செத்தவர்கள் போர் முடிந்து ஐந்து மாதம் கழித்துச் செத்தார்கள்.